மூன்றாம் சாயம்

தாராசுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிற யாரிடமும் எந்த நிறம் கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் அரக்கு என்பார். அடுத்தபடியாகப் பச்சைகளைச் சொல்வார். நீலத்தில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தறிக்காரர் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார். வெளிர்மஞ்சளில் இன்னும் சலுகை உண்டு. அரக்கு மட்டும் ஒரு துளி பழுப்பின் பக்கம் சாய்ந்துவிட்டால், மறுநாள் காலையிலேயே சிட்டத்தைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டு, "நான் கேட்ட அரக்கா இது, நீங்களே சொல்லுங்க" என்று நிற்பார். சிவப்பிலிருந்து பச்சை வரைக்குமான அந்தப் பட்டையில் நம் கண் காட்டுகிற கறார் வேறெங்கும் கிடையாது.

காரணம் சாயத்திலும் இல்லை, பட்டிலும் இல்லை. பாலூட்டிகளின் கண் ஒரு காலத்தில் பெருத்த நஷ்டம் பட்டது. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை மட்டும் குரங்குகள் வெகுகாலம் கழித்து மீட்டன. மீட்ட பங்குதான் சிவப்பும் பச்சையும். என் பிழைப்பு முழுக்க அதன்மேல்தான் நடக்கிறது என்பது இந்த விஷயங்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிவிட்டது.

முதலில் பட்டறைக்கு வாருங்கள். கோறாப் பட்டு வரும்போது விறைப்பாக, மங்கலாக இருக்கும். புழு கூடு கட்டும்போது பூசிய பசை அதன்மேல் அப்படியே இருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அந்தப் பசையை எடுத்தால் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். அதற்குப் பிறகுதான் பட்டுக்குப் பளபளப்பு வரும், நிறம் ஏறும். சாயத் தொட்டியில் சிட்டங்களைக் கம்பில் கோத்து இறக்கி, கை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்ந்தால் திட்டுத் திட்டாகிவிடும். சூடு கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும். அசிட்டிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, சாயம் தண்ணீரை விட்டு நூலில் போய் உட்காரும். தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் முழுக்க ஏறிவிட்டது என்று கணக்கு.

அலமாரியில் டப்பாக்கள் நிறைய இருக்கும். ஆனால் கை போவது பெரும்பாலும் மூன்றுக்குத்தான்: ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு நீலம். வெங்காயச் சருகு, மாந்தளிர், மெந்தயக் கலர், வாடாமல்லி, பாசிப்பச்சை என்று கடைக்காரர் எந்தப் பெயர் சொல்லிக் கேட்டாலும் இந்த மூன்றின் விகிதம்தான். ஏன் மூன்று, ஏன் இரண்டோ ஐந்தோ இல்லை என்பதற்கு வேதியியலில் பதில் தேடினால் கிடைக்காது. 1802-லேயே தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஊகித்துச் சொன்னார்: கண்ணுக்குள்ளே மூன்று வகை உணர்விகள்தான் இருக்க வேண்டும் என்று. விழித்திரையின் கூம்பு செல்களில் மூன்று ரகம். ஒன்று ஏறக்குறைய 420 நானோமீட்டர் ஒளியை நன்றாகப் பிடிக்கும், அது நீலத்தின் பக்கம். மற்றவை 530, 560. மூளைக்குப் போவது இந்த மூன்றிலிருந்தும் வரும் மூன்று எண்ணிக்கை மட்டும். எதிரே இருக்கிற நூல் எந்தச் சாயத்தில் முக்கியது, அதிலிருந்து வரும் ஒளியில் என்னென்ன அலைநீளங்கள் கலந்திருக்கின்றன என்பதெல்லாம் கண்ணுக்கு அக்கறை இல்லை. மூன்று எண்ணும் ஒத்துப்போனால் இரண்டு நூலும் ஒரே நிறம்.

இந்த ஓட்டையில்தான் சாயக்காரன் பிழைக்கிறான். அவன் மாட்டிக்கொள்வதும் இதில்தான். காலை வெயிலில் அச்சாக ஒத்துப்போன இரண்டு அரக்கு, கடை விளக்கின் கீழே அண்ணனும் தம்பியுமாகத் தெரியும், ஒரே ஆளாகத் தெரியாது. விளக்கு மாறினால் நூலிலிருந்து திரும்பும் ஒளியின் கலவை மாறும், மூன்று எண்களும் நகரும். மாதிரி நூலில் இருப்பது ஒரு சாயம், என் தொட்டியில் இருப்பது வேறு சாயம் என்றால் இரண்டும் ஒரே அளவில் நகராது. அதனால்தான் பழைய ஆட்கள் மாதிரி பார்ப்பதற்கு வடக்கு பார்த்த வாசலைத்தான் தேடுவார்கள். நேர் வெயில் ஆகாது, டியூப் லைட் ஆகாது.

பார்க்கிற முறையும் ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து ஒரு இழையை எடுத்துப் பிழிந்து, ஊதி உலர்த்த வேண்டும். ஈர நூல் எப்போதும் ஒரு படி அடர்த்தியாகத்தான் காட்டும். உலர்ந்ததும் மாதிரி நூலோடு சேர்த்து முறுக்கி, கையை நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். முறுக்கில் வரி தெரியக்கூடாது, ஒரே கயிறாகத் தெரிய வேண்டும். சட்டென்று பார்த்துச் சட்டென்று முடிவு சொல்ல வேண்டும். உற்று உற்றுப் பார்த்தால் சிவப்புக்கான கூம்பு களைத்துப்போய், எல்லாச் சிவப்பும் சோகை பிடித்ததாகத் தெரியும். அப்போது சிமெண்டுத் தரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நீலத்துக்கு மட்டும் ஒற்றை இழை போதாது, சிட்டம் முழுவதையும் விரித்துப் பார்க்க வேண்டும். நீலக் கூம்புகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. பார்வையின் நட்ட நடுவில், நாம் உற்றுப் பார்க்கிற அந்தப் புள்ளியில், அவை அறவே இல்லை. இழை அளவுக்கு மெலிந்த பொருளில் நீல வித்தியாசம் தெரியாமல் போவது அதனால்தான். நீலத்துக்குத் தறிக்காரர் காட்டுகிற பெருந்தன்மை இப்படிக் கண் செய்கிற தயவு.

சர் சி.வி. ராமன் நம் காவிரிக்கரைக்காரர், 1888-ல் திருச்சியில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் அவர் பூக்களையும் நிறங்களையும் பார்வையையும்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1968-ல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் இந்த மூன்று உணர்விக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. நோபல் வாங்கியவர் மறுத்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தனித்தனிக் கூம்பு செல்லின் ஒளியுறிஞ்சலை அளந்தவர்களும், 1986-ல் ஜெரமி நேதன்ஸ் குழு பிரித்தெடுத்த மரபணுக்களும் மூன்று என்றுதான் சாட்சி சொல்கின்றன. பூக்கள்மேல் ராமனுக்கிருந்த காதலில் எனக்கு முழு உடன்பாடு, கணக்கில் இல்லை.

சரி, கோயிலுக்குப் போவோம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் தலபுராணமே நிறத்தைப் பற்றியதுதான். துர்வாசர் சாபத்தால் இந்திரனின் யானை ஐராவதம் தன் வெள்ளை நிறத்தை இழந்தது. இந்தக் கோயில் தீர்த்தத்தில் முழுகியதும் நிறம் திரும்பியது. ஒரே முழுக்கில் நிறம் ஏற்றிய குளம் என்பதால் சாயக்காரர்களுக்கு அதன்மேல் தனி மரியாதை.

அங்கே ரிஷப குஞ்சரம் என்ற சின்னச் சிற்பம் ஒன்று உண்டு. காளையும் யானையும் எதிரெதிராக நிற்கும், இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானை உடலைக் கையால் மறைத்தால் காளை, காளை உடலை மறைத்தால் யானை. வழிகாட்டிகள் எல்லோரும் கையை வைத்து மறைத்துக் காட்டுவார்கள். அந்த ஒரே கண், யானையாக இருந்து பார்த்தாலும் காளையாக இருந்து பார்த்தாலும் உலகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும் என்பதைச் சிற்பிக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. மாட்டின் விழித்திரையில் கூம்பு இரண்டு வகைதான்: ஒன்று 450-ஐ ஒட்டி, மற்றொன்று 555-ஐ ஒட்டி. யானைக்கு 419, 552. 2005-ல் ஷோசோ யோகோயாமாவின் குழு யானையின் நிறமிகளை ஆராய்ந்தபோது, மனிதர்களில் பச்சைக் கூம்பு இல்லாமல் பிறக்கிறவர்களின் நிறமிகளும் யானையின் நிறமிகளும் ஒத்திருந்ததைக் கண்டது. ஆக, கோயில் யானைக்கு நான் சாயம் போட்டால் அலமாரியில் இரண்டு டப்பா போதும். அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை என்று நெய்த பட்டை அதன் முதுகில் விரித்தால் அதற்குத் தெரிவது அடர்ந்ததும் வெளிறியதுமான ஒரே ரகத் துணி.

சிவப்புத் துணியைக் கண்டால் மாடு மிரளும் என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள், ஸ்பெயினிலும் சொல்வார்கள். மாட்டுக்கு அந்தச் சிவப்பு தனி நிறமே இல்லை. துணியை ஆட்டுகிற கைதான் அதை மிரட்டுகிறது. புள்ளிமான் கதை இன்னும் வேடிக்கை. புலியின் ஆரஞ்சு நமக்குக் கண்ணைப் பறிக்கிறது. மானின் இரண்டு கூம்புக் கண்ணில் அது புல்லோடு புல்லாகப் போய்விடும். பச்சை மயிர் வளர்க்கப் பாலூட்டிகளுக்கு வழியில்லை. மான் பார்க்காத நிறத்தில் இருந்தால் போதும் என்று புலி விட்டுவிட்டது.

இது இப்படி ஆனதற்கு ஒரு பழங்கதை உண்டு, அதற்கு ஆதாரமும் உண்டு. முதுகெலும்புள்ள பிராணிகளின் பழைய மூதாதைக்குக் கூம்பு நிறமி நான்கு வகை. நான்காவது, புற ஊதா ஒளியை, அதாவது 360 நானோமீட்டர் அளவிலுள்ளதை, பிடிக்கிற வகை. மீன்களிலும் பறவைகளிலும் பல்லிகளிலும் அந்த நான்கு இன்றும் பரவலாக இருக்கிறது. பாலூட்டிகளின் முன்னோர் டைனசோர்கள் நடமாடிய காலத்தில் இரவில் ஒளிந்து வாழ்ந்தன. இருட்டில் நிறம் பார்த்து ஆகப்போவது என்ன? வேலை இல்லாத மரபணு பழுதானாலும் கேட்பாரில்லை. ஒன்று போயிற்று, பிறகு இன்னொன்றும் போயிற்று. 1942-ல் கார்டன் வால்ஸ் என்ற அமெரிக்கர் கண்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இந்த இரவு வாழ்க்கைக் கருத்து வருகிறது. மரபணுக்கள் பின்னால் வந்து அதற்குக் கையெழுத்துப் போட்டன. ஆஸ்திரேலியாவின் முட்டையிடும் பாலூட்டி பிளாட்டிபஸ் நாம் தொலைத்த ஒன்றை வைத்துக்கொண்டு, நாம் வைத்துக்கொண்ட ஒன்றைத் தொலைத்திருக்கிறது. மிச்சப் பாலூட்டிகளுக்குத் தங்கியது இரண்டு: நீண்ட அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. குறுகிய அலைக்கானது தொடக்கத்தில் புற ஊதா நிறமிதான்.

அது இன்றும் அப்படியே இருப்பது எலியிடம். 1991-ல் ஜெரால்ட் ஜேக்கப்ஸும் சகாக்களும் கொறிவிலங்குகளின் விழித்திரையில் புற ஊதாவுக்கென்றே கூம்பு இருப்பதை அளந்து காட்டினார்கள். சுண்டெலிக்கு உச்சம் 360-க்கு அருகில். மாட்டுக்கு அதே நிறமியில் 86-ஆம் இடத்திலுள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதற்கே உச்சம் ஊதாவின் பக்கம் தாவிவிட்டது. யானையும் புற ஊதாவைக் கைவிட்டது, ஆனால் மாட்டின் வழியைப் பார்த்து இல்லை. அவற்றின் குலம் பிரிந்து ஏறக்குறைய 10 கோடி ஆண்டாகிறது. தனித்தனியாகப் பயணித்து ஒரே தலையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

மனிதக் குலத்தின் வழி சுற்றுவழி. நம்முடைய நீல நிறமி 360-லிருந்து 414-க்கு வர ஏழு மாற்றங்கள் தேவைப்பட்டன என்று யோகோயாமா குழு 2014-ல் காட்டியது. ஏழு மாற்றங்களை எந்த வரிசையில் செய்யலாம் என்று கணக்குப் போட்டால் 5040 வரிசை வரும். ஒவ்வொன்றையும் அவர்கள் சரிபார்த்தார்கள். 4008 வரிசைகள் பாதியிலேயே முட்டுச்சந்தில் நின்றன. நடுவில் வேலை செய்யாத நிறமி ஒன்று வந்துவிடுகிறது, அந்தப் பிராணி அந்த நிறத்துக்குக் குருடு. இந்த நகர்வு 9 கோடி ஆண்டுக்கும் 3 கோடி ஆண்டுக்கும் இடையில் நிதானமாக நடந்தது. சாயம் போடுகிற எனக்கு இந்த ஆய்வின்மேல் தனிப் பிரியம். மஞ்சளை முதலில் போடுவதா, நீலத்தை முதலில் போடுவதா என்ற வரிசையில் நிறம் கெட்டுப்போவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

புற ஊதாவை நம் கண் இழந்ததில் நிறமி பாதிதான், லென்ஸ் பாதி. 400-க்குக் கீழே வருவதை மனித லென்ஸ் வடிகட்டிவிடும். குறுகிய அலை அதிகம் சிதறும், மங்கலைக் கூட்டும், விழித்திரையையும் கெடுக்கும். பகலில் கூர்மையாகப் பார்க்க வேண்டிய பிராணிகள் அதை வாசலிலேயே நிறுத்தின. தரை அணில்களின் லென்ஸ் மஞ்சளாகவே இருக்கும். ஆனால் 2014-ல் லண்டன் ஆய்வாளர்கள் டக்ளஸும் ஜெஃப்ரியும் பல பாலூட்டிகளின் லென்ஸ்களை எடுத்து அளந்தபோது, பூனை, நாய் லென்ஸ்கள் புற ஊதாவில் பாதிக்கு மேல் உள்ளே விடுவது தெரிந்தது. அவற்றுக்குப் புற ஊதாவுக்கென்று தனி நிறமி இல்லை. ஆனால் எந்த நிறமியும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஒளியைப் பிடிக்கத்தான் செய்யும். திண்ணையில் படுத்திருக்கும் பூனைக்கு என் வேட்டியில் ஏதோ தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

வேட்டியில் என்ன தெரியும்? அங்கேதான் டினோபால் வருகிறது. வெள்ளை வேட்டியைப் பளிச்சென்று காட்ட அதைப் போடுவார்கள் என்பது வீடுகளுக்கெல்லாம் தெரியும். அது வெள்ளைச் சாயம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரிகிற நீல ஒளியாகத் திருப்பித் தருகிற சரக்கு. வெயிலில் அரசியல்வாதி வேட்டி கண்ணைக் கூசவைப்பதற்கு இதுதான் ரகசியம். நோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் டினோபால் போட்ட துணி நீலமாக எரியும், போடாத பால்வெள்ளைப் பட்டு மந்தமாக நிற்கும். வெள்ளைப் பட்டில் யாராவது இதைச் சேர்த்திருக்கிறார்களா என்று நான் சோதிப்பது இப்படித்தான். கடைகளில் இப்போது எல்.இ.டி. விளக்கு. அந்த விளக்குகளில் பெரும்பாலானவற்றில் புற ஊதாவே வராது. கடையில் சாதாரணமாகத் தெரிந்த வெள்ளை, வாசலுக்கு வந்ததும் நீலம் பூத்துப்போய், "உள்ளே ஒரு கலர், வெளியே ஒரு கலர்" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். நியாயம் அவர் பக்கம்தான், விளக்கின் பக்கம் இல்லை.

பட்டுக்கும் புற ஊதாவுக்கும் ஜென்மப் பகை. பட்டுப் புரதத்தில் உள்ள சில அமினோ அமிலங்களை அது தாக்கி, வெள்ளையை மஞ்சளாக்கி, இழையையும் உளுத்துப்போகச் செய்யும். சிட்டத்தை நிழலில் உலர்த்து, கல்யாணப் புடவையை வெயிலில் காயப்போடாதே என்று பாட்டிகள் கண்டித்துச் சொன்னதில் தப்பே இல்லை.

என்னைப் பழக்கிய பெரியவர் வயதானபோது நீலம் மட்டும் சரியாக வராமல் தடுமாறினார். வயதோடு லென்ஸ் மஞ்சளாகும், நீலத்தைத்தான் முதலில் தின்னும். கண்புரை அறுவை முடிந்து கட்டு அவிழ்த்த மறுநாள் பட்டறைக்கு வந்தவர், "டேய், எம்.எஸ். புளூ இவ்வளவு நீலமாடா?" என்று சிட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு முந்தின தலைமுறைக்கு லென்ஸை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டுவார்கள். வடிகட்டி போய்விட்டதால், அவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் கொஞ்சம் புற ஊதாவும் உள்ளே வரும், வெளிறிய ஊதாவாக. ஓவியர் மோனே 1923-ல் 82 வயதில் அறுவை செய்துகொண்டவர்களில் ஒருவர். அவருக்கு அதற்குப் பிறகு நீலம் பொங்கியது என்பார்கள். 1992-ல் மதுரையில் ஆரோலேப் மலிவு விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கியதிலிருந்து நம் ஊர்ப் பெரியவர்களுக்கு சோடாபுட்டி போயிற்று. இன்று உள்ளே வைக்கிற லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் புற ஊதாத் தடுப்பு சேர்த்தே வருகிறது.

பறவைகளிடம் மட்டும் நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது. கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று உரிமையோடு பெயர் வைத்திருக்கிறோம். மயில்கழுத்துக்குப் பாவில் நீலம், ஊடையில் பச்சை. துணியை அசைத்தால் நிறம் ஓடும். கடைக்காரர் மெச்சுவார். மயிலுக்குக் கூம்பு நான்கு, ஒவ்வொன்றிலும் எண்ணெய்த் துளி வேறு. என் மூன்று எண் கணக்கு அதனிடம் செல்லாது. கிளிகளுக்கோ நாலாவது கூம்பு புற ஊதாவிலேயே நிற்கிறது. என் கிளிப்பச்சைச் சிட்டத்தை ஒரு கிளியிடம் காட்டினால் இது என் நிறமே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இனி குரங்குக்கு வருவோம். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளின் முன்னோரிடம், 3 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னே, நீண்ட அலை நிறமியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இரட்டித்தது. தறியின் ஜக்கார்டு அட்டையில் ஒன்றைப் பார்த்து இன்னொன்று வெட்டி, அதில் இரண்டு மூன்று துளையை மட்டும் மாற்றிப் போட்டதுபோலத்தான். இரண்டு நிறமிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி 180, 277, 285 என்ற மூன்று இடங்களில் அடங்கிவிடுகிறது. அந்தச் சின்ன மாற்றத்தில் ஒன்று 530-ஐயும் மற்றது 560-ஐயும் பிடித்தது. சிவப்பும் பச்சையும் பிரிந்தன.

எதற்காக என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. பச்சை இலைக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க என்பது பழைய கட்சி, அது 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. இளந்தளிரைத் தேர்ந்தெடுக்க என்பது பின்னால் வந்த கட்சி. முகத்தில் ரத்தம் ஏறுவதையும் வெளிறுவதையும் படிக்க என்று மூன்றாவது கட்சியும் உண்டு. நான் தளிர்க் கட்சிக்காரன். மாந்தோப்பில் தளிர்விட்ட நாளில் போய் நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செம்புத் தளிர் முற்றின இலையோடு சேர்ந்து தெரிகிற நிறப் பொருத்தம்தான் எங்கள் மாந்தளிர்ப் புடவை. கீழே மேய்கிற மாட்டுக்கு அது எல்லாம் ஒரே இலை.

மெக்ஸிகோ முதல் பிரேசில் வரை உள்ள குரங்குகளில் பெரும்பாலும் சில பெண்களுக்கு மட்டுமே மூன்று கூம்பு, ஆண்களுக்கு இரண்டு. ஊளையிடும் குரங்கு அங்கே ஒரு விதிவிலக்கு. அதற்கு இரட்டிப்பு தனியாக நடந்தது.

இரட்டித்த அட்டையின் தொல்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பது. அடுத்த தலைமுறைக்குப் பிரதி எடுக்கும்போது ஒன்றுக்குப் பதில் மற்றது கோத்துக்கொள்ளும். ஒன்று தொலையும், அல்லது பாதி இதுவும் பாதி அதுவுமாக ஒட்டும். ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேருக்குச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு, ஆசியாவில் அதைவிடக் கம்மி. பெண்களில் வெகு அரிது. இந்தோனேசியாவில் நூற்றுக்கணக்கான ஆண் குரங்குகளைச் சோதித்தபோது இரண்டு கூம்போடு அகப்பட்டவை ஒரு சிலதான். காட்டில் கழிபடுவது ஊரில் தங்கிவிடுகிறது. அணுக்கொள்கை சொன்ன ஜான் டால்டன் தன் குறையைப் பற்றி 1794-ல் தானே வாசித்தார். தான் இறந்த பின் தன் கண்ணைச் சோதிக்கச் சொல்லியிருந்தார், பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். பச்சைக் கூம்பின் நிறமி இல்லை. யானைக் கண்.

எங்கள் பட்டறைக்கு வேலை பழக வந்த பையன் ஒருவன். அரக்குக் கட்டையும் கரும்பச்சைக் கட்டையும் ஒரே கம்பில் கோத்து நின்றான். "ஏண்டா, ரெண்டும் ஒரே கலரா?" என்றேன். "இல்லீங்களா மாமா? ஒண்ணு கொஞ்சம் அழுக்கா இருக்கு, அவ்வளவுதானே" என்றான். திட்டுவதற்கு வாய் வரவில்லை. யாருக்கு இருக்கு உங்க வீட்டில் என்று கேட்டதும் அம்மாவின் தம்பியைச் சொன்னான். தாய்மாமன்! நம் ஊரில் மாமன் சீர் தாய்வழியாக வருகிறாற்போல இதுவும் தாய்வழியாகத்தான் வருகிறது. அம்மாவிடம் நல்ல மரபணு ஒன்றும் பழுது ஒன்றும் இருக்கும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகனுக்கு எக்ஸ் ஒன்றுதான்.

அவனைச் சாயத் தொட்டியிலிருந்து எடுத்துப் புடவைச் சோதனைக்கு மாற்றினேன். பத்து நிறம் ஓடுகிற முந்தியில் ஒரு இழை தப்பியிருந்தால், கொத்து விட்டிருந்தால், எங்கள் கண் நிறத்திலேயே மயங்கி நிற்கும்போது இவன் விரல் வைத்துவிடுவான். நிறம் கண்ணைத் திருப்பாதவர்களுக்கு நெசவின் அமைப்பு தெளிவாகத் தெரியும் என்பதை மோலன் என்ற ஆங்கில ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 1992-ல் சோதனை வைத்துக் காட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு பையன் காட்டினான்.

எலிக்கு மனிதரின் நீண்ட அலை நிறமி மரபணுவைச் சேர்த்து 2007-ல் ஒரு சோதனை நடந்தது. எலிகள் தங்கள் இனம் இதுவரை பிரித்தறியாத நிறங்களைப் பிரித்தறிந்தன. மூளையைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை, தொட்டியில் இன்னொரு சாயம் விழுந்தது போதும். 2009-ல் சிவப்பு-பச்சை தெரியாமல் பிறந்த குரங்குகளின் கண்ணில் மரபணுவைச் செலுத்தியும் பார்த்தார்கள், அவையும் நிறங்களைப் பிரித்தன. மனிதருக்கு எப்போது என்று பையன் கேட்டான். டாக்டர்களைக் கேளு என்றேன்.

இந்தப் பையன் வந்த பின் கரை விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை கேட்டால் பச்சையை ஒரு படி வெளிறவைத்துப் போடுகிறேன், நடுவே ஜரிகை ஒரு வரி கேட்டு வாங்குகிறேன். சம்பந்தி வீட்டில் எந்த மாமாவுக்கு இரண்டு கூம்பு என்று யாருக்குத் தெரியும்? "கரை எங்கேப்பா?" என்று அவர் மணமேடையில் கேட்டுவிடக்கூடாது.

பையனின் தங்கைக்கு இப்போது ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இவனுக்கு வந்திருப்பதால் அம்மா சுமக்கிறாள் என்பது உறுதி. தங்கை சுமக்க வாய்ப்பு பாதி, அவள் பிள்ளைக்கு வர அதில் பாதி. நாலில் ஒன்று. இவனுக்கே பெண் பிறந்தால் அவள் கட்டாயம் சுமப்பாள், ஆனால் அவளுக்கு நிறம் தெரியும். "குழந்தைக்கு எப்ப பார்க்கலாம் மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாலைந்து வயதாகட்டும், அரக்கு, கரும்பச்சை, பழுப்பு மூன்று சிட்டத்தை எடுத்து வைக்கிறேன், பிள்ளையை அழைத்து வா என்று சொல்லியிருக்கிறேன்.